மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்றவளுக்கு

மாதா துணை

கீழ் டிவிசன்,
நோர்வூட்.
10.09.1989

அன்புள்ள மரியநாயகி,

நானும் நம் மகள் தெரேசாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் நான் நம்பவில்லை. கொழும்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சுகம் என்று எழுதுகிற ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். இனிமேல் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே எழுது.

நாட்டுக் குழப்பத்தில் இங்கே ஒரு நாள் பஸ் ஓடுகிறது, மறுநாள் ஊரடங்கு என்கிறார்கள். தபாலும் அப்படித்தான். பெக்டரியில் எனக்கு இன்னும் கொழுந்து வாட்டுகிற மேல்மாடி வேலைதான். தெரேசா கணக்கில் கெட்டிக்காரியாகிவிட்டாள். ஆனால் தலை வாரிக்கொள்ள மட்டும் சோம்பல். என் கையால் பின்னினால் ஒரு சடை கிழக்கே போகிறது, ஒன்று மேற்கே போகிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதனால் அன்றைக்கே பதில் எழுதவில்லை. ஆஸ்பத்திரி டிக்கட்டை வெட்டி வீட்டுக்குப் போ என்று டொக்டர் சொன்னாலும் வர மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். லயத்து வீட்டு மண்ணில் கால் வைக்க மாட்டேன், நான் நடந்த இடத்தில்தானே பிள்ளை விளையாடுவாள், அவளை ஆஸ்பத்திரி கேற்றுக்கு வெளியே நிறுத்திக் காட்டினால் போதும் என்கிறாய். உனக்கு இந்தப் புத்தியை யார் கொடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன். நம்முடைய டிஸ்பென்சரி கணேசமூர்த்தி ஐயாதான். அவர் பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நின்று, வெறுங்காலோட நடக்காதீங்க, கக்கூச விட்டுட்டுத் தேயிலைக்குள்ள ஒதுங்காதீங்க, மண்ணுல இருக்கிற பூச்சி கால் வழியா ஏறி இரத்தத்தைக் குடிச்சிரும் என்று வருசக்கணக்காகக் கத்தினாரே. அது வயிற்றுப் பூச்சிக்குச் சொன்னது, மரியநாயகி. உனக்கு இப்போது வந்திருக்கிறதே, அது வேறு.

அந்த வயிற்றுப் பூச்சியோடுதான் நீ இங்கிருந்து பிளேன் ஏறினாய். போன முதல் வருசமே, உடம்பில் இரத்தம் இல்லாமல் நீ வேலை செய்த வீட்டுக் குசினியில் மயங்கி விழுந்தாய். அங்கே உனக்கு யாருடைய இரத்தத்தையோ ஏற்றினார்கள். விசா புதுப்பிக்கப் பரிசோதித்தபோது எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று சொல்லி, உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இரத்தத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்று டொக்டர் நினைக்கிறாராம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாதாம். எனக்கு அவருடைய உறுதி வேண்டியதில்லை. நீ சொன்னாய், அது போதும்.

இங்கே நிலைமை எப்படி என்று கேட்டிருந்தாய். மறைக்கவில்லை. வெள்ளை ஜீப்பில் வந்த சுகாதாரக்காரர்கள் பீலியடியில் நின்றே உன் பேரைச் சொல்லி வீட்டை விசாரித்தார்கள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் இரண்டு பேரிடமும் எடுத்துப்போன இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று பிறகு கடிதம் வந்தது. அதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? நீ வந்தால் பொதுக் கக்கூசுக்குப் போகக் கூடாது, பீலிக்கு வரக் கூடாது, தனியாக ஒன்று கட்டிக்கொள் என்று தோட்டத் தலைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக் காம்பரா வேலாயி அக்காதான் சத்தம் கூட. அந்தப் பூச்சி எங்க பிள்ளைங்க கால்லயும் ஏறிரும்ல என்கிறாள். கந்தப்பளையிலிருந்து உன் அண்ணன் அலோசியஸ் மாஸ்டர் வந்தார். அவள் இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவோம், கொழும்பிலேயே எங்காவது சிஸ்டர்மார் மடத்தில் இருக்கட்டும் என்றார். நான் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் லீவு கேட்டிருக்கிறேன். ரயில் ஓடினால் வருவேன்.

இப்படிக்கு,
செபமாலை



கீழ் டிவிசன்,
நோர்வூட்.
08.10.1989

அன்புள்ள மரியநாயகி,

இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படி. நடுவில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடாதே.

நான் வந்த அன்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். கொண்டுவந்த தோடம்பழத்தைக்கூடப் பார்க்கவில்லை. நானும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழும்பினேன். ஆனால் நேரே ஸ்டேசனுக்குப் போகவில்லை. டொக்டருடைய காம்பராவுக்கு வெளியே காத்திருந்து அவரோடு பேசிவிட்டுத்தான் போனேன். என் சிங்களம் உனக்குத் தெரியும். அவரும் பொறுமையாக, கடதாசியில் படம் கீறிச் சொன்னார்.

வயிற்றில் பூச்சி இருக்கிற ஆளுக்கு, அதை எதிர்க்கிற ஒரு வகை அணு இரத்தத்தில் பெருகுமாம். உன் வயிற்றில் பூச்சி நிறைய இருந்தும் அந்த அணு பெருகவே இல்லையாம். நான் அதை இப்படி விளங்கிக்கொண்டேன். தேயிலைக்குள் மாடு புகுந்தால் காவக்காரன் விசில் ஊத வேண்டும். உன் உடம்புக்குள் மாடு மேய்கிறது, விசில் சத்தத்தைக் காணோம். அந்த எய்ட்ஸ் கிருமி முதலில் காவக்காரனைத்தான் பிடிக்கிறதாம். வயிற்றில் பூச்சி இருந்ததால் கிருமி வேகமாக வளர்ந்ததா என்று கேட்டேன். தெரியாது, வெளிநாட்டிலேயே இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன டொக்டரை என் ஆயுசில் இப்போதுதான் பார்க்கிறேன். அதனாலேயே அவர் சொன்ன மற்றதையும் நம்பினேன்.

பூச்சிக்குக் கொடுத்த மருந்து உனக்குப் பிடித்திருக்கிறது, இரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். மற்றக் கிருமிக்கு இங்கே மருந்து இல்லை என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவர் முன்னால் நான் அழவில்லை. கோட்டை ஸ்டேசனில் அழுதேன். பக்கத்தில் இருந்த முதலாளி ஒருவர் யாரோ பொக்கட் அடித்துவிட்டான் என்று நினைத்து, டிக்கட்டுக்குக் காசு இருக்கா தம்பி என்று கேட்டார்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் மண்ணில் நடந்தால் பிள்ளைக்கு ஆபத்தா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவங்க காலால் மண்ணுக்கு ஒன்றும் வராது, மண்ணால்தான் அவங்களுக்கு வரும் என்றார். எதிர்த்து நிற்க உன் உடம்பில் பலம் இல்லை. எங்களுக்கு ஒரு நாள் வயிற்றோட்டமாகப் போவது உனக்குப் பெரிய வியாதியாகிவிடும். செருப்பு போட வேண்டும், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், சுற்றுப்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். புருசன் பெண்சாதிக்கு என்று சொல்ல வேண்டியதையும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் முழுவதையும் கேட்டுக்கொண்டேன். அதைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்காதே. ஒரே கூரையில் நீ படுத்திருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஊருக்கு வந்ததும் கணேசமூர்த்தி ஐயாவிடம் போனேன். லயம் முழுவதற்கும் பூச்சி மாத்திரை கொடுங்கள், மண் சுத்தமாகட்டும் என்று கேட்டேன். மாத்திரை நாள் என்றால் நம் ஆட்கள் எப்படி என்று உனக்குத் தெரியாதா? பாதிப் பேர் தேயிலைக்குள் ஒளிவார்கள், மீதிப் பேர் கன்னத்தில் அடக்கிவைத்து வேலியோரம் துப்புவார்கள். இந்த முறை நடந்த கூத்தைக் கேள். ஐயா பெட்டியைத் திறக்கும் முன்னே மொத்த லயமும் வரிசையில் நிற்கிறது. முன்னால் வேலாயி அக்கா. தன் வீட்டுக்காரரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மரியநாயகிக்கு வந்த பூச்சிக்கு மருந்து வந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்!

இது அந்த வியாதிக்கு இல்ல, அது வேற என்று ஐயா தொண்டை கிழியக் கத்தினார். நானும் பெரட்டுக் களத்துக் கல்லில் ஏறி நின்று, இது வயிற்றுப் பூச்சிக்கு, அவள் வியாதி மண்ணில் வராது, காற்றில் வராது, தொட்டால் வராது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சரி சரி, மாத்திரையைக் குடுங்க என்றார்கள். வேலாயி அக்கா இன்னொன்று கேட்டு வாங்கப் பார்த்தாள். ஒருவரும் துப்பவில்லை, மரியநாயகி. உனக்குப் பயந்துதான் விழுங்கினார்கள். விழுங்கியது உனக்குத்தான் நல்லது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அதோடு விடவில்லை. பயத்தில் எல்லாருமாகச் சேர்ந்து கக்கூசுக்குக் கதவும் போட்டு, சாக்கடைக் கானையும் வெட்டிச் சுத்தம் பண்ணிவிட்டார்கள். தோட்டத்துத் துரையிடம் எத்தனை முறை கேட்டும் நடக்காத வேலை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். வேலாயி அக்கா வாசல் இஸ்தோப்பு வரைக்கும் வந்து நின்றாள். அன்னைக்குக் கல்லு மேல ஏறிச் சொன்னியே, அப்ப நம்மளாலதான் அவளுக்கு ஆபத்தா, அவளால நமக்கு இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடிப்பாவி மகளே என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். அவள் திட்டியது யாரை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மறுநாள், கானோரம் குந்திய பிள்ளைகளை விளக்குமாற்றோடு விரட்டினாள். மரியநாயகி வர்ற நேரத்துல இங்கயா இருக்கிறீங்க என்று அவள் கத்தியது பெக்டரி வரைக்கும் கேட்டது. கடைசிக் காம்பராக்காரர்கள் மட்டும் இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பட்டும். பீலித் தண்ணீரை நான் சுமந்து வருகிறேன், நீ அங்கே போகவே வேண்டாம்.

ஹட்டனில் உனக்குச் செருப்பு வாங்கினேன். உன் கால் அளவு எனக்குத் தெரியாது என்று கடையில்தான் நினைப்பு வந்தது. கடைக்காரர் சிரித்தார். திரும்பி வந்து, நீ மிதித்த இடத்தில் கடதாசியை வைத்து வெட்டிக்கொண்டு போனேன். நினைவிருக்கிறதா? நீ வெளிநாடு போவதற்கு முன்னால் இஸ்தோப்புக்குச் சிமெந்து பூசினேனே. காய்வதற்குள் மிதித்துவிட்டாய் என்று உன்னை ஏசினேன். அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. தெரேசா பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதில் கால் வைத்துப் பார்க்கிறாள். இரண்டு விரல் அளவுதான் குறைவு. நீ போன நாளிலிருந்து அவள் அதில்தான் நின்றுகொண்டிருக்கிறாள்.

அது வியாதி வருவதற்கு முந்தின தடம், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நீ சொல்லுவாய். நீ அப்படித்தான் சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் பழைய தடத்துக்குப் பக்கத்தில் கொத்திவிட்டு, கொஞ்சம் சிமெந்து குழைத்துப் பூச இடம் விட்டு வைத்திருக்கிறேன். வந்து புதுசாக ஒன்று வை. இந்த முறை நான் ஏச மாட்டேன்.

இருபத்தோராம் தேதி சனிக்கிழமை வருகிறேன். தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம். டொக்டரிடம் சொல்லியாகிவிட்டது. சேலையை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திரு. சுவர்ப் பக்கம் திரும்பாதே. வழியெல்லாம் மாதா உன் கூடவே வரட்டும். ஆஸ்பத்திரி கேற்றிலிருந்து நம் வாசல் வரைக்கும் செருப்பு போட்டுக்கொண்டு நட. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா.

உன் வழி பார்த்திருக்கும்,
செபமாலை