அப்டேட்டுக்கு இடமில்லை

சங்கத் தலைவர் அவர்களின் மேலான கவனத்திற்கு, மனைவி எழுதுவது: நம் வீட்டுக் கம்ப்யூட்டர் இன்று காலையும் பாதி அப்டேட்டில் நின்றுவிட்டது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்று நேற்று ஆணையிட்டீர்கள். பண்ணினேன். மறுபடியும் அதே இடத்தில் நின்று, இடம் போதவில்லை என்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், முழுக்க நீங்கள் மேடையில் பேசிய வீடியோக்கள். நன்றியுரைகூட ஒரு மணி நேரம். நாலைந்தை அழித்தால் அப்டேட் ஓடிவிடும். "என் பேச்சுல கை வைக்காதே" என்று நேற்றே கத்தினீர்கள், வைக்கவில்லை.

அப்டேட் ஆகாமல் என் இன்டர்வியூவுக்கான ஆப் திறக்காதாம். அதனால் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகிறேன். தூங்கிக்கொண்டிருந்தீர்கள், எழுப்பவில்லை.

சோறு குக்கரில். மாத்திரை டிவி பக்கத்தில், மறக்காதீர்கள். சாயங்காலம் கம்ப்யூட்டர் மெக்கானிக் வருவார். எதை அழிப்பதென்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கும் உரை நிகழ்த்திவிடாதீர்கள், பாவம்.

பி.கு.: "இந்த வயசுல உனக்கு எதுக்கு வேலை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். வேலை எந்த ஊரில் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. இந்த ஊரில் இல்லை.