கீழ் வீட்டுப் பூனை முகர்ந்த மாத்திரை

மார்ச் 4
மறுபடி அஸ்தாவுக்கு இழுப்பு. ஆறு வயதில் தானே இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிவிட்டு, "முடிஞ்சுதும்மா" என்கிறாள். வயிற்றில் இருப்பதற்காவது இது வேண்டாம். அதற்காகத்தானே இந்த ஆய்வில் சேர்ந்தேன்! பிறக்கும் பிள்ளைக்கு இழுப்பு வருவது குறைகிறதா என்று பார்க்க, கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மீன் எண்ணெய் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் ஆலிவ் எண்ணெய். யாருக்கு எது என்று, கொடுக்கிற நர்ஸ் லிஸ்பெத்துக்கே தெரியாது.

மார்ச் 6
என் கணவன் யெப்பேவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாத்திரையை வெட்டி, கீழ் வீட்டுப் பூனையிடம் நீட்டிவிட்டு வந்தான்.
"மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு, மைக்கென். உனக்கு ஆலிவ்தான்."
"நான் கேட்டேனா? எதுக்கு வந்து சொல்ற?"
வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மார்ச் 7
கடையில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினேன். ஆய்வு மாத்திரையோடு அதையும் விழுங்குகிறேன்.

ஏப்ரல் 2
"வேற ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார் லிஸ்பெத். இல்லை என்றேன். ஏன் பொய் சொன்னேன்? சொன்னா ஆய்வுலேர்ந்து தூக்கிடுவாங்களே — அப்புறம் பொறக்கற பிள்ளைய இந்த டாக்டருங்க பாக்க மாட்டாங்களே?

ஜூன் 21
பையன். விகோ. அழுத அழுகையில் பிரசவ அறையே அதிர்ந்தது. நல்ல நுரையீரல்!

நவம்பர் 11
இந்த ஊர் வழக்கம்போல் மதியத் தூக்கத்துக்கு விகோவைத் தள்ளுவண்டியோடு முற்றத்தில் விட்டிருந்தேன். குளிரில்தான் நன்றாகத் தூங்குவான். போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். அவன் நெஞ்சில் அந்த இழுப்புச் சத்தம்.
எனக்குத் தெரியாத சத்தமா அது?

நவம்பர் 13
லிஸ்பெத்திடம் கத்திவிட்டேன். "ஆலிவ் எண்ணெயக் குடுத்து ஏமாத்திட்டீங்களே!" கூடவே பூனை, கடை மாத்திரை, பொய், எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. எனக்கு வந்தது எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நவம்பர் 15
போனில் லிஸ்பெத்.
"முதல் நாள்லேர்ந்தே உங்களுக்கு மீன் எண்ணெய்தாங்க. நாத்தம் காட்டிக் குடுத்துடும்னு ரெண்டு வகையிலயும் எலுமிச்ச வாசன சேத்திருக்காங்க. பூனைக்கு அது ஆகாது."
"அப்ப இவனுக்கு ஏன் வந்துது?"
"வர்ற வாய்ப்பக் கொறைக்கும்னுதான் பாக்கறோம். எல்லாருக்கும் தடுக்கும்னு யாரும் சொல்லலையே, மைக்கென்."
இனி யாரைத் திட்டுவது? ஆள் இல்லாமல் போய்விட்டது. உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 16
விகோவுக்கு முதல் மருந்து. இன்ஹேலர் முகமூடியை முகத்தில் வைத்ததும் திமிறினான். அஸ்தா தன் இன்ஹேலரை எடுத்து வந்து, அவன் எதிரே உட்கார்ந்து வாயில் வைத்துக்கொண்டாள்.
"அக்காவப் பாருடா. மொத நாள்தான் பயமா இருக்கும்."
அழுகையை நிறுத்தி அவளையே பார்த்தான். பிறகு மூச்சை இழுத்தான்.