ஒரு சுழியும் ஒரு பச்சைக்காய்ப் பெட்டியும்

மார்ச் 3, செவ்வாய்

திராட்சைக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்று. ஓவியாவின் கல்லூரி புராஜெக்டும் தயார். நம் கம்பம் பள்ளத்தாக்கில் தரைக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் படமாகச் சுழற்றிக் காட்டுகிறாள் மகள். மென்பொருளை ஏற்றிக் கொடுத்தது என் மச்சினன் முத்துராஜா; உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் பார்க்கிறார்கள். தேறினால்தான் மேல்படிப்பு.

அவள் குளிக்கப் போன நேரம், புராஜெக்டுக்குள் இருந்த ஃபோல்டர் பெயருக்கு முன்னால் பிள்ளையார் சுழியாக ஒரு 'உ' போட்டு வைத்தேன். பத்தாவதோடு நின்ற அப்பனால் முடிந்த உதவி.

மார்ச் 4, புதன்

படம் வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஏதோ மாட்யூல் என்ற நிரல்துண்டு இல்லை என்கிறதாம், அவள் எழுதும் பைத்தான் மொழி. "நான் எழுதுன ஃபைலத்தாம்ப்பா கேக்குது. அங்கனதான் இருக்கு, இல்லைங்குது!" பிள்ளை அழுகிறாள். 'உ' போட்டுமா இப்படி?

முத்துராஜாவுக்குப் போன் போட்டேன். "நான் போட்டா போட்டதுதான் மச்சான். கெணத்து மோட்டார் மாதிரி தட்டிகிட்டிப் பாத்தீகளா?" பின்னால் கடையில் நாலு பேர் சிரிப்பு.

சிரிடா. உன்னை விட்டேனா பார்.

மார்ச் 5, வியாழன்

மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றிவிட்டாள். அதே சிவப்பு. சாப்பிடவில்லை.

"என் தம்பிய வையாதீக" என்றாள் என் மனைவி உமாதேவி. வையவில்லையே! வருடா வருடம் அவனுக்குப் போகும் பன்னீர் திராட்சைப் பெட்டியைத்தான் கட்டினேன். மேலே ஒரு அடுக்குக் கருங்குலை, கீழே முழுக்கப் பச்சைக்காய். கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பழிவாங்கியவன் தோரணையில் மீசையைத் தடவினேன். பல்லு கூசிச் சாகட்டும்.

மார்ச் 6, வெள்ளி

விடியுமுன் பைக்கில் வந்து நிற்கிறான் முத்துராஜா! திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அந்த 'உ'வை அழித்தான். படம் எழுந்து சுழன்றது.

"ஃபோல்டர் பேரு மாறிப்போச்சு ஆத்தா. பழைய பேரச் சொல்லித் தேடிக்கிட்டு இருந்திருக்கு. எழுதுன புரோகிராமையே பாத்துக்கிட்டு இருந்தா இது எப்படிக் கண்ணுல படும்?"

"யாரு மாமா மாத்துனது?"

"நாந்தான். நல்லதுக்குன்னு போட்டேன்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான் முத்துராஜா.

வண்டியை எடுக்கும்போது சொன்னான்: "பெட்டி வந்துருச்சு மச்சான். பிள்ளைக இன்னைக்கு ராத்திரிதான் பிரிக்கணும்னுச்சுக."

அய்யோ.

மார்ச் 7, சனி

ஓவியா தேறிவிட்டாள்.

நல்ல குலையாக இரண்டு பெட்டியோடு உத்தமபாளையம் ஓடினேன். வாசலில் உட்கார்ந்து பச்சைக்காய் தின்றுகொண்டிருந்தான், முகம் சுளிக்காமல்.

"பெட்டி மேல 'உ' போட மறந்துட்டீகளே மச்சான்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்றை எடுத்து மென்றேன். இன்னும் பல் கூசுகிறது.