கன்னி ராசிப் பக்கம் ஒரு மங்கல் புள்ளி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொரு மணிபோலக் கரண்ட் போனது. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் மட்டும் என்று நினைத்தேன். பிறகு வட்டகொடை, தலவாக்கலை, கொழும்பு, நாடு முழுக்க என்றார்கள். பாணந்துறையில் ஒரு குரங்கு என்னவோ செய்துவிட்டதாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடிக்கணினியில் கால்வாசி சார்ஜ். ஓடிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் நின்றது.

பொங்கலுக்கு என்று வந்தவள். இரண்டு கிழமையில் மெல்பர்னுக்குத் திரும்பியிருக்க வேண்டும். விசா புதுப்பித்து வரவில்லை. எப்போது பார்த்தாலும் 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல். வானியல் ஆய்வை இங்கிருந்தே செய்யலாமே என்கிறார் என் பேராசிரியர் ஹெலன். செய்யலாம். கரண்ட் இருந்தால், சிக்னல் இருந்தால், ஒரு இடத்தில் உட்கார முடிந்தால்.

பெப்ரவரி 13

சிக்னல் தேடி இன்று மூன்று தடவை கோயில் மேட்டுக்கு ஏறி இறங்கினேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்க?" என்றாள் அம்மா. ஆமாம் போலிருக்கிறது.

பெப்ரவரி 17, திங்கள்

ஒரு வழி கிடைத்தது. தலவாக்கலையில் ஸஹ்லாவின் ஹார்ட்வெயார் கடை மாடியில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஏ.எல். வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். அவளுடைய வாப்பாவுக்கு முடியாமல் போனபின் கடை முழுவதும் அவள் கையில். மாடியில் ஒரு மேசையைப் போட்டுக் கொடுத்தாள். "பெயின்ட் வாசனைய தாங்கிக்குவியா?" என்று மட்டும் கேட்டாள்.

இனிக் காலையில் அம்மா பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுக்க மலை ஏறுவாள். நான் பஸ் ஏறுவேன். ஆளுக்கொரு வேலை.

பெப்ரவரி 20

அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று ஸஹ்லா கேட்டாள். கடையில் ஆள் இல்லாத நேரம். சொன்னேன். சொல்லும்போது எனக்கே ஒரு தெளிவு வந்தது, அதனால் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

பெரிய நட்சத்திரம் முடியும்போது வெடிக்கும். அது சுப்பர்நோவா. சில கிழமைக்கு, தான் இருக்கும் விண்மீன் மண்டலத்துக்கே சவால் விடுகிற மாதிரி ஒளிரும், பிறகு மங்கிவிடும். ரேடியோ வெடிப்பு வேறு. கண்ணுக்குத் தெரியாது. கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். வந்துவிட்டுப் போய்விடும். என்னவென்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. வெடித்த நட்சத்திரத்தின் நடுவில் மிஞ்சுகிற சின்ன உருண்டைதான் அதை அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறோம். நினைக்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு ரேடியோ வெடிப்பும் எந்த மண்டலத்திலிருந்து வந்தது, அதே இடத்தில் முன்பு ஏதாவது நட்சத்திரம் வெடித்திருக்கிறதா என்று தேடுவது என் வேலை.

தேடியதில் எல்லாம் ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர. கன்னி ராசிப் பக்கம் ஒரு சுருள் மண்டலம். 2014இல் அதன் சுருள் கை ஒன்றின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. 2023இல் ஒரு ரேடியோ வெடிப்பு வந்தது, அதே இடத்திலிருந்து. போன வருடம் ஹெலனிடம் காட்டியபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஸஹ்லா, "செத்ததுக்கு அப்பறமா கூப்புடுது," என்றாள். அதற்குள் ஆணி கேட்டு ஒருவர் வந்துவிட்டார்.

மார்ச் 4

ஹெலனிடம் அன்றைக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவருக்கும் தெரியும், நாங்கள் இருவரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

ரேடியோ அலை வரும் வழியில் இருக்கும் எலக்ட்ரான்கள் அதன் தாழ்ந்த அதிர்வெண்களைப் பிந்த வைக்கும். எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு பொருளைத் தாண்டி வந்திருக்கிறது. இந்த வெடிப்பு அந்தச் சுருள் மண்டலத்திலிருந்து வந்ததென்றால் இவ்வளவு பிந்தியிருக்கக் கூடாது. பல மடங்கு அதிகம். வெடித்த நட்சத்திரத்தின் சிதறல்கள் இன்னும் சுற்றிலும் அடர்த்தியாக இருந்தால் அப்படி ஆகலாம். அது நடந்திருந்தால் பெரிய கண்டுபிடிப்பு.

இல்லையென்றால் — பின்னால், வெகு தூரத்தில், இன்னொரு மண்டலம். சுருள் மண்டலம் சும்மா முன்னால் நிற்கிறது.

எது?

மார்ச் 11

சிலியில் ஒரு பெரிய தொலைநோக்கியில் எங்களுக்கு நேரம் கிடைத்துவிட்டது. 27ஆம் தேதி. இங்கிருந்தே நடத்தலாம். அவர்களுடைய நடுநிசி எங்களுக்கு முற்பகல். வெயிலில் உட்கார்ந்து வானம் பார்க்கப் போகிறேன்.

அதே சமயம் வேறொரு குழுவும் இதே பொருத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டதாம். எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். ஹெலனின் குரலில் அவசரம்.

மார்ச் 19

தூக்கம் சரியில்லை. சோறு இறங்கவில்லை. அம்மா தட்டைப் பார்த்தாள்.

மார்ச் 28, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில், வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். சிலியில் தொலைநோக்கியை இயக்குபவர் பெயர் ரொட்ரிகோ. திரையின் மூலையில் அவர் முகம், பின்னால் இருட்டு. எனக்கு ஜன்னலில் வெயில், கீழே கம்பி வெட்டுகிற சத்தம். வானம் தெளிவாக இருக்கிறது என்றார். சிவப்பு வடிகட்டி போட்டு எடுக்கச் சொன்னேன். அதில் முன்னாலிருக்கும் சுருள் கையின் வெளிச்சம் குறையும், பின்னால் ஏதும் இருந்தால் தெரியும். ஒரு படம் போதாது. பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலானது மேலே வரும். போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன்.

சில படங்கள் முடிந்திருந்தன. ஸஹ்லா மேலே வந்தாள். நோன்புக்காரி, படியேறியதில் மூச்சு வாங்கியது.

"ராணி, ஒங்க தோட்டத்துல குளவி கொட்டிருச்சாம். ஏழாம் நம்பர் மலையாம். லொறியில ஏத்திக்கிட்டு லிந்துல ஆஸ்பத்திரிக்குப் போறாங்களாம்."

நேற்று அம்மாவுக்கு அந்த மலையில்தான் வேலை. போனை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் கங்காணி செல்லசாமி மாமா அழைத்திருக்கிறார். மறுபடியும் மறுபடியும்.

ரொட்ரிகோவிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அம்மா, குளவி, ஆஸ்பத்திரி என்று ஆங்கிலத்தில் ஏதோ. அவர் யோசிக்கவேயில்லை. போங்கள், உங்கள் திட்டம் என்னிடம் இருக்கிறது, மிச்சத்தை நான் எடுத்து முடிக்கிறேன் என்றார்.

ஸஹ்லா கடையை இழுத்துப் பூட்டிவிட்டு என்னோடு த்ரீவீலில் ஏறினாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் அழவில்லை. அந்தப் பாதையில் ஒரு இடத்தில், இப்போது ஓடுகிற படம் முடிந்திருக்குமா என்று நினைத்தேன். நினைச்சேன். ஏன் அப்படி நினைச்சேன்? என்ன மனுஷி நான்?

ஒரு கழுகு வந்து மரத்திலிருந்த கூட்டை அடித்ததாம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடியிருக்கிறார்கள். அம்மா சரிவில் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் காளியாயி அக்கா திரும்பி ஓடிவந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து அம்மா தலையை மூடி, மேலே படுத்துக்கொண்டாளாம். இரண்டு பேருக்கும் நிறையக் கொட்டு. அம்மாவுக்குப் பிரஷர் இறங்கிக்கொண்டே போனதால் லிந்துலையிலிருந்து இங்கே அனுப்பினார்கள்.

முகம் வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக் கிடக்கிறாள். காளியாயி அக்கா அடுத்த கட்டிலில். அவளால் பேச முடிகிறது. அவள் காலைப் பிடித்துவிட்டேன். "விடு புள்ள, கூசுது," என்றாள்.

மார்ச் 29

இன்று காலை அம்மா வாய் திறந்தாள். முதல் கேள்வி: "அந்த வேல முடிஞ்சிருச்சா?"

மார்ச் 31

நோன்புப் பெருநாள். ஸஹ்லா வட்டிலப்பம் கொண்டுவந்து வாட்டு முழுக்கக் கொடுத்தாள். அம்மா ஒரு கரண்டி சாப்பிட்டாள்.

ஏப்ரல் 3

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். காளியாயி அக்காவும். ஏழாம் நம்பர் மலையில் கூட்டை எடுக்கும்வரை வேலைக்கு இறங்க மாட்டோம் என்று பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்களாம். நேற்று ஆள் வந்து எடுத்திருக்கிறார்கள்.

ரொட்ரிகோ படங்களை அன்றே அனுப்பியிருந்தார். ஒன்றும் குறையவில்லை. கீழே ஒரு வரி: உங்கள் தாயார் எப்படி இருக்கிறார்? இன்றுதான் பதில் போட்டேன். படங்களை இன்னும் திறக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

திறந்தேன். அடுக்கினேன்.

இருக்கிறது. சுருள் கையின் ஓரத்துக்குச் சற்றே உள்ளே ஒரு மங்கல் புள்ளி. தூசி என்று நினைத்தேன். கருவிக் கோளாறு என்று நினைத்தேன். ரொட்ரிகோ எடுத்த படங்களைத் தனியாக அடுக்கினேன், நான் இருந்தபோது எடுத்ததைத் தனியாக. இரண்டிலும் அதே இடத்தில். ரேடியோ வெடிப்பின் இடம் அதன் மேல் சரியாக உட்காருகிறது.

பின்னால் இன்னொரு மண்டலம். அவ்வளவுதான். என் மூன்று வருடம் சும்மா முன்னால் நின்றிருக்கிறது.

ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தேன். தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் சனம். எல்லாரும் எங்கேயோ போறாங்க.

ஏப்ரல் 12

மற்றக் குழுவின் கட்டுரை வந்துவிட்டது. சுப்பர்நோவாவுக்கும் ரேடியோ வெடிப்புக்கும் தொடர்பு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் எங்கள் படம் இல்லை.

ஹெலன் பேசினார். இரண்டு சாத்தியமும் இருக்கிறது என்று எழுதுவோம், மங்கல் புள்ளியை உள்ளே ஒரு பத்தியில் சொன்னால் போதும் என்றார். அவருக்கு என் மேல் அக்கறை. இந்த ஆய்வை நம்பித்தான் என் அடுத்த வேலை. சரி என்றேன். போனை வைத்தபிறகு லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டேயிருந்தேன். சரின்னு ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. அம்மா எழுந்து பால் பொங்க வைத்தாள். நான் சும்மா இருந்தேன்.

ஏப்ரல் 23

விசா வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஸஹ்லாவிடம் மட்டும் வாய் தவறிச் சொன்னேன்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லையாம். அதிபரைப் போய்ப் பார்த்தேன். சந்தோஷப்பட்டார். இங்கேயே இருந்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம். மலைக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம். இது சரியான முடிவுதான். சரியானதுதானே?

ஏப்ரல் 29, செவ்வாய்

அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையில் கொட்டின தழும்புகள் இன்னும் கறுப்பாக இருக்கின்றன. தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"விசா வந்திருச்சாமே."

"நான் போகலம்மா. ஸ்கூல்ல கேட்டிருக்கேன். நீ இனி மலைக்குப் போக வேணாம்."

"எனக்காகவா இருக்கப் போற?"

"ஆமா."

பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்க ஆசையா இருந்தா இரு. வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நெனச்சது நடக்கலன்னு அங்க போறதுக்கு வெக்கமா இருந்தா, அதுக்கு என்னைய காரணமா வைக்காத. குளவி என்னையத்தான் கொட்டுச்சு. ஒன்னைய இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். உனக்கு என்ன தெரியும், செத்துப் போயிருப்பே, மறுபடி அந்த மலைக்கா போகப் போறே என்று என்னென்னவோ. அவள் ரொட்டியைத் தட்டிச் சுட்டு, சம்பலோடு என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அவள் சொன்னது சரி. அதுதான் கோபம்.

மே 2

ஹெலனைக் கூப்பிட்டேன். அந்தச் சுருள் மண்டலம் இல்லை, பின்னால் இருப்பதுதான், நான் அப்படித்தான் எழுதுவேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர், "எழுது. ஒவ்வொரு வரியிலும் உன்னோடு சண்டை போடுவேன், அதில் நின்றால் அனுப்புவோம்," என்றார்.

மே 7

சண்டை போடுகிறார். நன்றாக இருக்கிறது.

மே 10

அதிபரைப் பார்த்து, வர முடியாது என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. போகும்வரை பின்னேரங்களில் ஓ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அதைச் செய்கிறேன்.

அம்மா புதன்கிழமையிலிருந்து பெரட்டுக்குப் போகிறாளாம். சொல்லிவிட்டாள், கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கவா என்கிறாள். காளியாயி அக்கா முந்தியே வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

மே 20

மங்கல் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்க்க ஹெலன் வேறொரு தொலைநோக்கியில் நேரம் கேட்டிருந்தார். இன்று முடிவு வந்தது. அறுநூறு கோடி ஒளியாண்டு தூரம். அந்தத் தூரத்துக்கு ரேடியோ வெடிப்பு எவ்வளவு பிந்த வேண்டுமோ அவ்வளவுதான் பிந்தியிருக்கிறது. மிச்சம் ஒன்றுமில்லை.

மற்றக் குழுவுக்கு ஹெலன் அனுப்பினார். அவர்கள் தங்கள் கட்டுரையைத் திரும்பப் பெறப் போவதாக மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

ஸஹ்லாவிடம் சொன்னேன். "அப்போ ஒன்னோடது இல்லாமப் போச்சா?" என்றாள். இல்லாமல்தான் போனது. பரவாயில்லை என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. முழுக்கப் பரவாயில்லை என்று இல்லை.

மே 24, சனி

ரயிலில் எழுதுகிறேன். கொழும்புக்கு.

வேலை நாள் என்பதால் வட்டகொடை ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்று அம்மா நேற்றே சொல்லியிருந்தாள். விடியற்காலை தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். ஸஹ்லாதான் வந்தாள், பை நிறையச் சாப்பாட்டோடு.

வட்டகொடை தாண்டி ரயில் வளைகிற இடத்தில் எங்கள் மலை தெரிந்தது. சரிவு முழுக்கப் பெண்கள். எல்லோர் தலையிலும் கூடைக் கயிறு, எல்லோர் இடுப்பிலும் படங்கு. எது அம்மா என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு பெண் கையைத் தூக்கினாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு வரிசையாக எல்லோரும்.

நானும் கையைத் தூக்கினேன். ரயில் வளைந்து மலை மறையும்வரை இறக்கவில்லை.