மெரூன் சட்டையில் ஒரு நீலக்காரி

ஜனவரி 9, செவ்வாய்

இன்று கார் ஓட்டக் கற்க வந்தவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். கேட்டால், "பின்னாடிதானே மேடம் போறோம்?" என்கிறார். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எனக்குச் சம்பளத்தோடு இன்ஷூரன்ஸும் தர வேண்டும்.

சாயங்காலம் அதைவிட மோசம். போன டெர்பியில், அதாவது எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப் இரண்டும் மோதும் ஆட்டத்தில், நடந்த அடிதடிக்காக இரண்டு கிளப்பும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்களாம். இன்னும் ஒரு சண்டை நடந்தால் எதிரணி ரசிகர்களுக்கு இனி டிக்கெட்டே கிடையாது. ஒரே ஊரில் இருந்துகொண்டு நீலக்காரர்கள் நாங்கள் அங்கே போக முடியாது, அந்த மெரூன் கும்பல் இங்கே வர முடியாது. எங்கள் ரசிகர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர் என்பதால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். திட்டுவதற்கு எதிரில் ஆளே இல்லையென்றால் அது என்ன டெர்பி?

அம்மாவிடம் சொன்னேன். "எனக்கென்ன? அவங்க கிரவுண்டுக்குப் போறதத்தான் நான் விட்டாச்சே. முட்டி வலி" என்றாள். அந்த முட்டி வலிக்காரி காலையில் ஈரத்துணி வாளியோடு மூன்று மாடி ஏறினாள். சின்ன வயதிலிருந்து என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். அவள் இல்லாமல் எனக்கு அங்கே போகவே பிடிக்கவில்லை. துருவிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

ஜனவரி 14, ஞாயிறு

மெரூன் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குகிறது, குளிக்கும்போதாவது கழற்றுவாரா தெரியவில்லை. இனி இவர் பெயர் இஞ்ச் டேப். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சண்டை எங்க ஆரம்பிக்குதுன்னு யோசிச்சீங்களா? கூண்டுலதான்" என்றார். வாஸ்தவம். இரண்டு மைதானத்திலும் எதிரணி ரசிகர்களைக் கம்பி வேலிக்குள் அடைத்து, ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் பூட்டி வைக்கிறார்கள். அதற்குப் பிறகு வெளியே விட்டால் சாமியார்கூட ரவுடியாகத்தான் வருவார்.

ஆனால் நாங்கள் போய்ப் புகார் சொன்னால் எதிரணிக்காரர்கள் கதை கட்டுகிறார்கள் என்பார்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அடுத்த டெர்பியில் நான் எங்கள் மைதானத்துக் கூண்டிலேயே, மெரூன்காரர்களோடு உட்கார வேண்டும். பிறகு எங்கள் நிர்வாகத்திடமே புகார் சொல்ல வேண்டும். அதற்கடுத்த ஆட்டத்தில் அவருடைய மைதானத்தில் அவர் இதையே செய்வார்.

"சொந்த வீட்டுக்காரங்களே சொன்னா நம்பித்தானே ஆகணும்?"

நல்ல யோசனை. ஒரு மெரூன் மண்டையில் உதித்ததுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 3, சனி

இஞ்ச் டேப் எனக்குச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறார். மெரூன். கச்சிதமாக இருக்கிறது. அன்றைக்குக் கண்ணாலேயே அளவெடுத்திருக்கிறார், படுபாவி.

பிப்ரவரி 5, திங்கள்

அம்மா சட்டையைப் பார்த்துவிட்டாள். நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

எங்கள் மைதானம், எதிரணிக் கூண்டு. வலப்பக்கம் இஞ்ச் டேப், இடப்பக்கம் ஒரு பஸ் கண்டக்டர் அக்கா, சுற்றிலும் மெரூன் கூட்டம். எங்கள் கோல்கீப்பரின் தொப்பையைப் பாட்டாகவே கட்டிப் பாடினார்கள். மெட்டு நன்றாகத்தான் இருந்தது. சிரிப்பை விழுங்கினேன்.

பிறகு நாங்கள் கோல் போட்டோம். நான் எழுந்து குதித்துக் கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பதே உறைத்தது. முன்வரிசையில் ஒருவன் முஷ்டியை மடக்கிக்கொண்டு திரும்பினான். போச்சு — சண்டையை நிறுத்த வந்தவளாலேயே டிக்கெட் எல்லாம் போகப்போகிறது.

இஞ்ச் டேப் நிதானமாக எழுந்தார். "நம்ம ஆளுதான்பா. வருத்தம் வந்தா இப்படித்தான் கத்தும்."

"நம்ம டிஃபென்ஸப் பாத்தா இன்னும் ரெண்டு தடவை வருத்தப்படும் போலிருக்கே" என்றார் கண்டக்டர். முஷ்டிக்காரனே சிரித்துவிட்டான்.

ஆட்டம் முடிந்து பூட்டினார்கள். எங்கள் ஆட்கள், எங்கள் பூட்டு. பெண்களுக்கு ஒரே கழிப்பறை, தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. வரிசை நகரவே இல்லை. நான் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்துக் கண்டக்டர் தன் முறையை எனக்குக் கொடுத்தார், கதவையும் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டார். "எங்கம்மா இதுக்குப் பயந்தே வர்றதில்ல" என்றார்.

அம்மாவின் முட்டி வலி. நான் ஒரு மரமண்டை.

பிப்ரவரி 12, திங்கள்

மைதான மேனேஜர், "நம்ம ஆளு நீங்களே இப்படிச் சொல்லலாமா மேடம்?" என்றார்.

"நம்ம கக்கூஸுதானே சார், நான் சொல்லாம யார் சொல்லுவா? நீங்க ஒரு மணி நேரம் உள்ள நில்லுங்க, நான் பூட்டறேன்."

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவை நேராகக் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "போன தடவ அவங்க கிரவுண்டுல, வரிசைல நிக்கும்போதே போயிடுச்சுடி. ஸ்வெட்டர இடுப்புல கட்டிக்கிட்டேன்."

அதான் அன்னிக்குத் திரும்பி வர்றப்போ பஸ்ல அவ்வளவு சீட் காலியா இருந்தும் உக்காரவே இல்ல. நானும் கவனிக்கல. அம்மா... எழுபது வயசுல. எவன் எவனையோ திட்டப் பாட்டுக் கட்டறோம், திட்ட வேண்டியவங்கள விட்டுட்டோம். அழுகையா வருது.

மார்ச் 8, வெள்ளி

போன ஆட்டம் சண்டையில்லாமல் முடிந்ததால் டிக்கெட் தப்பியது. எங்கள் கூண்டில் பெண்களுக்கு மூன்று கழிப்பறை கட்டுகிறார்கள், கால் மணி நேரத்தில் கதவையும் திறப்பார்களாம். இதை இஞ்ச் டேப் தன் நிர்வாகத்திடம் பவ்யமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்: "நீலக்காரங்க மூணு கட்றாங்க சார்." அங்கே ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர்கள் ஐந்து கட்டுகிறார்கள், முகம் பார்க்கும் கண்ணாடியோடு. கழிப்பறையிலும் எங்களை ஜெயிக்க வேண்டுமாம். தாராளமாக ஜெயிக்கட்டும்.

ஏப்ரல் 17, புதன்

அம்மா நேரில் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றாள். மெரூன் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். ஐந்திலும் நுழைந்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள். "குழாய் மட்டமான குழாய்" என்று தீர்ப்புச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். கேவலமான ஆட்டம்.

கழிப்பறை கட்டிய பிறகு இஞ்ச் டேப் வந்திருக்கவே வேண்டாம். சொன்ன சொல்லுக்காக நீலச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். அவர்கள் கோல் போட்டபோது உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார், நல்ல மனுஷன். ஆனால் இரண்டாவது கோலைப் பற்றி வாயை விட்டுவிட்டார். அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அது ஆஃப்சைடு. கண்ணு தெரியலன்னா துணி எப்படித் தைக்கறீங்க?"

கால் மணி நேரத்தில் கதவைத் திறந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா காலி நாற்காலிகளை டிஃபென்ஸாக நிறுத்தி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். காவலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அம்மா, கதவு திறந்தாச்சு" என்றேன்.

"திறந்திருந்தா திறந்திருக்கட்டும்" என்றாள்.