மியூசியத்துக்குப் போன நண்டுகள்

அன்புள்ள மாலாவுக்கு,

சென்ற சனிக்கிழமை எங்கள் மகளிர் குழுவோடு சென்னையைச் சுற்றிப் பார்க்க வந்தேன். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் ஒன்பதேகாலுக்குத்தான் கிளம்பியது. அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன்.

கொடுக்கைக் கட்டி ஈரச் சாக்கில் சுற்றிய நான்கு ஏரி நண்டுகள் என் பையில் இருந்தன. எழும்பூர் மியூசியத்தில், திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால், அவை பிறாண்டும் சத்தம் கேட்டு இருசம்மாள், "இன்னா அண்ணி, நண்டுக்குத் திமிங்கலத்தக் காட்ட இட்டாந்தியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். யாருக்குக் கொண்டுவந்தேன் என்று நான் சொல்லவில்லை.

மற்றவர்கள் மெரினாவுக்குப் போனார்கள். நான் பார்க்காத கடலா? ஆட்டோ பிடித்து உன் தெருவுக்கு வந்தேன். நீ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். வயிற்றைப் பார்த்தால் ஏழு மாதம் இருக்கும். நண்டு சூடு, இந்த நேரத்தில் ஆகாது. அதனால்தான் மேலே வராமல் திரும்பினேன்.

அது மட்டுமே காரணம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். என் பிள்ளை லோகேஷைக் கடல் கொண்டுபோன இரண்டாம் வருடம் நீ மறுமணம் செய்துகொண்டாய். அன்று, என் வாசற்படியை இனி மிதிக்காதே என்று சொன்னவள் நான். உன் வாசற்படியை எந்த முகத்தோடு மிதிப்பது?

வளைகாப்புத் தேதியை எழுது. தாலி இழந்தவள் அங்கே வரலாமா என்று யாரும் பேச நான் இடம் கொடுக்க மாட்டேன். மறுநாள் மடவை மீனோடு வருகிறேன், அது சூடில்லை. நீ எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

நான் யார் என்று உன் வீட்டுக்காரர் கேட்டால், என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய்துகொள். நான் பழையபடிதான் கையெழுத்திடுகிறேன்.

உன்
அத்தை