நாலாம் நம்பர் ரவை

பிப்ரவரி 14, சனி

கடலை இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

சிறுமலைப் பக்கமிருந்து பன்றி இறங்கிவிட்டதாகக் காலையிலேயே சோலைமலை போன் செய்தார். வயலை அவரும் அவர் மனைவி மூக்காயியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் துப்பாக்கியை உறையோடு ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். ஆறு மணிக்கு வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் வேலை. யாரையும் எதையும் சுடுவதில்லை. ஒரு வெடிக்கு நாலைந்து நாள் அவை கிட்டே வராது. பட்டாசு போட்டுப் பார்த்தாயிற்று; திருவிழாவும் கட்சிக் கூட்டமும் கேட்டுக் கேட்டு அவற்றுக்குப் பட்டாசு பழகிவிட்டது.

மீதி மூன்று தோட்டா. கடலை பிடுங்க இன்னும் நாற்பத்தைந்து நாள். கணக்கு டீச்சர் நான், வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

போன வருஷம் மொத்தக் கடலையும் பன்றிக்குத்தான். அதற்குப் பிறகு ரோஷன் சென்னையிலிருந்து வந்தபோது, இந்தத் தடவையும் போனால் நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்றான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? பெற்ற பிள்ளையிடம் வாக்கைக் கொடுத்துவிட்டு இப்போது முழிக்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு நாலாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். இந்தத் தவக்காலத்தில் கறி மட்டுமல்ல, கோபமும் கிடையாது என்று முடிவு.

பிப்ரவரி 21, சனி

மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

மதுரைக்குப் போனேன், தோட்டா வாங்க. கடைக்கு முன்பக்கம் பேட்மின்டன் மட்டை, தூண்டில் கம்பு, கொடைக்கானல் போகிறவர்களுக்கான கூடாரம், முதுகுப் பை. எதிலும் விலைச் சீட்டு இல்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் போல. உள்ளே தள்ளி, கம்பிக்கதவுக்குப் பின்னால் தோட்டா. அங்கே இருந்த நியாஸ் என்ற தம்பி என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சார் வரலியா மேடம்?"

சார், அதாவது என் வீட்டுக்காரர் ஞானதாஸ், போய் ஆறு வருஷம் ஆகிறது. லைசென்ஸை என் பேருக்கு மாற்றுவதற்குள் ரெண்டு வருஷம், எத்தனை ஆபீஸ், எத்தனை கையெழுத்து. லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவர்கள் தோட்டா என்று சொல்வதில்லை. உள்ளே இருக்கும் ஈயக் குருணையை வைத்து நாலாம் நம்பர் ரவை, ஆறாம் நம்பர் ரவை என்றுதான் பேச்சு. ஞானதாஸும் வீட்டில் அப்படித்தான் சொல்வார். நானும் அப்படியே பழகிவிட்டேன். நாலாம் நம்பர் ரவை என்ன விலை என்று கேட்டேன். ஒன்று நூற்றெண்பது ரூபாய். போன தடவை நான் வாங்கியது எழுபத்தைந்துக்கு! அதுவும் தனியாகக் கிடையாதாம். ஒரு டார்ச்சும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். டார்ச் நாலாயிரத்து எண்ணூறு. அதே டார்ச்சைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆயிரத்து நூறுக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் ஒருவர், எஸ்டேட்காரர் மாதிரி இருந்தார், விலையே கேட்காமல் மூன்று பெட்டி வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் டார்ச் பேச்சே எழவில்லை. அதைச் சொல்லிக் கேட்டேன். நியாஸ் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்:

"ரவை விலை ஏறிப் போச்சு மேடம். இதை விட்டா வேற எங்க போவீங்க?"

உண்மைதான், வேறு எங்கே போவேன்? ஆனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, கொடைரோடு வரும்வரை நான் செய்தது சரி என்றே இருந்தது. அதற்கப்புறம் அவ்வளவு நிச்சயமாக இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒரு வெடி. மீதி இரண்டு.

மார்ச் 1, ஞாயிறு

பூசை முடிந்து நேரே வயலுக்குப் போனேன். மேற்கு ஓரம் முழுக்க உழுது போட்ட மாதிரி கிடக்கிறது. காயைத் தின்றுவிட்டுச் செடியைத் துப்பியிருக்கின்றன. மூக்காயி அங்கேயே உட்கார்ந்து மண்ணுக்குள் தப்பிக் கிடந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தில் பாதிகூடத் தேறவில்லை.

"அஞ்சாறு நாளைக்கி ஒண்ணு பத்தாது டீச்சரம்மா. மூணு நாளைக்கி ஒண்ணு போட்டாத்தேன் நிக்கும்" என்றார் சோலைமலை. கடைக்குப் போய் வெறும் கையோடு வந்த கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? ரோஷம் பார்த்தேன் என்றா?

ஆறு மணிக்கு ஒரு வெடி. மீதி ஒன்று.

மார்ச் 5, வியாழன்

பழனிக்குமார் பள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். நிலத் தரகர். எங்கள் வயலுக்கு அடுத்த வயலில் மஞ்சள் கல் நட்டு மனைப்பிரிவு போட்டிருப்பது அவர்தான். "அவசரமே இல்லக்கா, கடலை முடியட்டும்" என்றார். அவ்வளவு பொறுமையாகச் சொன்னதுதான் எரிச்சல். பன்றியும் அவரும் பேசி வைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

இறங்கி வந்துவிட்டேன். நியாஸுக்கு மத்தியானம் போன் போட்டேன். வேலையாக இருப்பதாகவும், என்ன நம்பர், எத்தனை என்று வாட்ஸ்அப்பில் போடும்படியும் சொன்னார். பள்ளி விட்டதும் வகுப்புப் பெற்றோருக்கு வீட்டுப்பாடம் அனுப்பினேன். கையோடு நியாஸுக்கும் அடித்து அனுப்பினேன்: "4ஆம் நம்பர் ரவை 25 வேண்டும். விலை எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. கிளாரா டீச்சர்."

டார்ச்சையும் வாங்கித் தொலைக்க வேண்டியதுதான். மானம் ரோஷம் எல்லாம் கடலை வீடு வந்து சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 8, ஞாயிறு

நியாஸிடமிருந்து பதில் இல்லை. என்ன திமிர்.

மார்ச் 9, திங்கள்

எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

காலையில் வகுப்புக்குள் போகிறேன், மேஜைமேல் ரவை. உப்புமா ரவை! அரைக்கிலோ பாக்கெட், ஒரு கிலோ பாக்கெட், ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி மூடி கட்டியது, வறுத்தது, வறுக்காதது, சம்பா ரவை. எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அனிஷா என்கிற பெண் எழுந்து நின்று, "டீச்சர், நாலாம் நம்பர் ரவை கடையில இல்லையாம். அண்ணாச்சி இதான் இருக்குன்னு குடுத்தாரு" என்றாள்.

அப்போதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். நியாஸுக்கு எழுதியது பெற்றோர் குழுவுக்குப் போயிருக்கிறது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "சரிங்க டீச்சர்." "அனுப்புறோம் டீச்சர்." நாலாம் வகுப்பு, இருபத்தைந்து பாக்கெட் என்று அவர்களே அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டு நாளாக அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நியாஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

தலைமையாசிரியர் ஆண்டனிராஜ் சார் கூப்பிட்டு விட்டார். பெற்றோரிடம் பொருள் வாங்குவது எவ்வளவு பெரிய தப்பு என்று இருபது நிமிஷம். "அதுவும் வெல எவ்வளவுன்னாலும் பரவாயில்லன்னு வேற போட்டிருக்கீங்க" என்றார். நான் கேட்டது உப்புமா ரவை இல்லை சார், துப்பாக்கி ரவை என்றேன். சாரின் முகத்தைப் பார்த்த பிறகுதான், உப்புமா ரவை என்றே விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பெயர் எழுதிய பாக்கெட் நாலோ ஐந்தோதான். அதையும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் நல்லா இருக்காது என்கிறார்கள். குழுவில் நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினேன். பன்றி, கடலை, தோட்டா, விலை, ஒன்றுவிடாமல். எழுதும்போது அழுகை வந்தது. ஐம்பது வயதுக்காரிக்கு இதெல்லாம் தேவையா?

பள்ளியில் வைக்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டதால், துப்பாக்கி வைத்துக் கட்டுகிற இடத்தில் ரவை மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

மார்ச் 12, வியாழன்

நியாஸுக்கு மறுபடி போன் போட்டுப் பேசினேன். இப்போது இருநூற்று இருபதாம். மூன்று வாரத்தில் நாற்பது ரூபாய் கூடிவிட்டது. சரி, சனிக்கிழமை வருகிறேன் என்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

போனை வைத்த அரை மணி நேரத்தில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. தேர்தல் வருகிறது, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். எப்போது திருப்பித் தருவீர்கள்? தேர்தல் முடிந்த பிறகு. அதற்குள் பன்றி கடலையைத் தின்றுவிடுமே ஐயா? பாவம், அவர் என்ன செய்வார்.

அன்றைக்கே நூற்றெண்பது கொடுத்து, அந்தப் பாழாய்ப் போன டார்ச்சையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்? இருபத்தைந்து வெடி. மூன்று நாளைக்கு ஒன்று என்றாலும் பாதிகூடச் செலவாகியிருக்காது. மேற்கு ஓரம் தப்பியிருக்கும். நான்தான் கெடுத்தேன். கடைக்காரன் கொள்ளையடித்தான், ஆனால் கெடுத்தது நான்.

மார்ச் 14, சனி

ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று, தோட்டா ஒன்று. ரசீது வாங்கிக்கொண்டேன். எழுதிய போலீஸ்காரப் பெண் தலையை நிமிர்த்தி, "ஒண்ணுதானாம்மா?" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

வடக்கு ஓரத்திலும் இறங்கிவிட்டன. சோலைமலை தகர டின்னைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போய் இருக்கிறார். இன்னும் பத்துப் பதினைந்து நாள் நின்றால் காய் நன்றாக முற்றும், ஆனால் அதுவரை செடி இருக்காது. இப்போதே பிடுங்கிவிட வேண்டும் என்கிறார். அதற்கு இருபது பேராவது வேண்டும். ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறார்கள். கொடி பிடித்து உட்கார்ந்தால் கூலி, பிரியாணி, வண்டியில் கொண்டுவந்து விடுவது. வெயிலில் குனிந்து கடலை பிடுங்க யார் வருவார்கள்? நானாக இருந்தாலும் பிரியாணிக்குத்தான் போவேன்.

ரோஷன் பேசினான். கடலை எப்படி என்று கேட்டான். இருக்கு என்றேன். அதற்கு அவன், "பத்திரத்த எடுத்து வைங்கம்மா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அனிஷாவின் அம்மா கௌசல்யா பள்ளி விட்டதும் காத்திருந்தார். நான் குழுவில் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். தாடிக்கொம்புப் பக்கம் பிறந்தவராம், சின்ன வயதிலிருந்தே கடலைக் காட்டு வேலை தெரியுமாம்.

"எம்புட்டு நெலம் டீச்சர்?"

ஒன்றரை ஏக்கர், அதில் கால்வாசி போய்விட்டது என்றேன்.

"சனிக்கிழம வாரோம். வெள்ளிக்கிழம தண்ணி பாச்சி மண்ண எளக்கி வைங்க. கூலி காயாக் குடுத்துருங்க, எல்லா எடத்துலயும் குடுக்குற மாதிரி. காலச் சாப்பாடு மட்டும் நீங்க பாத்துக்கங்க."

எத்தனை பேர் என்று கேட்டேன். ரவை கொடுத்த வீட்டு ஆட்கள்தான் என்றார். பிறகு, "அதேன் கெடக்குதுல்ல டீச்சர் உங்ககிட்ட, அம்புட்டு ரவை" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பத்து நாளில் முதல் தடவை.

நம்பலாமா என்று தெரியவில்லை. சனிக்கிழமை பெரிய கூட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

சோலைமலை தண்ணீர் பாய்ச்சிவிட்டார். கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி வாங்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போனேன், மனசு அங்கே இல்லை.

மார்ச் 21, சனி

இருபத்தாறு பேர் வந்தார்கள்.

ஏழு மணிக்கு முன்னாலேயே ஆட்டோவிலும் வண்டியிலும் வந்து இறங்கினார்கள். நானும் மூக்காயியும் அண்டாவில் ரவைக் கிச்சடி கிண்டினோம். சம்பா ரவை, வெள்ளை ரவை, வறுத்தது, வறுக்காதது எல்லாம் ஒன்றாக விழுந்ததில் பாதி குழைந்து பாதி நறுக்கென்று இருந்தது. "இதான் நாலாம் நம்பரா டீச்சர்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பிடுங்கி, காயும் ஆய்ந்து முடித்துவிட்டார்கள். பத்துப் படிக்கு ஒரு படி கூலி. கௌசல்யா தன் பங்கை அளக்கும்போது படியைத் தலைதட்டி அளந்தார். குவித்து அளந்துகொள்ளுங்கள் என்றேன். கேட்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

கூலி போக பத்து மூட்டை. பதினெட்டு வந்திருக்க வேண்டும். காய் கொஞ்சம் சூம்பல், நல்ல விலை போகாது. லாபம் என்று சொல்ல முடியாது. போச்சு என்றும் சொல்ல முடியாது.

ரோஷனுக்குக் கடலைக் குவியலைப் படம் எடுத்து அனுப்பினேன். வெகு நேரம் கழித்து, "எனக்கு ஒரு படி எடுத்து வைங்கம்மா" என்று பதில் வந்தது. பத்திரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று உயிர்ப்பு ஞாயிறு. ரோஷன் வந்திருக்கிறான். அவித்த கடலையைத் தின்றுகொண்டே, அடுத்த பட்டத்துக்கு விதைக்கு எத்தனை மூட்டை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். ரெண்டு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். துப்பாக்கி இன்னும் காவல் நிலையத்தில்தான் இருக்கிறது.

மத்தியானம் நியாஸிடமிருந்து போன். புது ஸ்டாக் வந்திருக்கிறதாம். விலை இருநூற்று ஐம்பது, ஆனால் என் முகத்துக்காக டார்ச் இல்லாமலே தருவாராம்.

"நாலாம் நம்பர் ரவை எத்தனை எடுத்து வைக்கட்டும் மேடம்?"

சமையலறைப் பரணில் இன்னும் ஆறு பாக்கெட் இருக்கிறது.

"வேணாம் தம்பி, வீட்டுல நெறைய இருக்கு" என்றேன்.